நத்தைக்குப் பின்னால் ஒரு குடை

சனிக்கிழமை விடிந்ததும் மிளகு கேட்ட முதல் கேள்வி, அத்தை இன்றைக்குப் புத்தகம் கொண்டுவருவாளா என்பதுதான்.

எல்லாச் சனிக்கிழமையும் கேட்கிற கேள்வி. ஆனால் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வேறு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பரணைச் சுத்தம் செய்யப்போன சித்தி கையில் அந்தத் தூரிகைப் பெட்டி கிடைத்ததும், இது யாருடையது என்று அவள் சாதாரணமாகக் கேட்டதும், மிளகின் அப்பா அதை வாங்கிக்கொண்டு வாயே திறக்காமல் கீழே போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இது வரை படிக்காதவர்களுக்கு நடந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து மனிதர் உம்மென்றே திரிந்தார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தார், எழுந்தால் வாசல் கதவைப் பார்த்தார்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. யாரோ எங்கோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்தினால் இவருக்கு அழைப்பு வரும். அன்றைக்கும் வந்தது. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், வாசலில் செருப்பு மாட்டும்போது சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "குழந்தையை வெளியில எங்கேயும் தனியா விடாதே."

விடுகிறவளா இவள்! ஐந்து வயதுப் பிள்ளையை யார் தனியாக விடுவார்கள்? அதைச் சொல்லவும் ஒரு காலையா என்று சித்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தக் குரலில் என்னவோ இருந்தது. கதவைச் சாத்திய பிறகும் அது அவள் காதிலேயே நின்றது.

மிளகு அவள் பெற்ற பிள்ளை இல்லை. அப்பா பக்கத்துச் சொந்தக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் மிளகு. ஆள் சின்னது, காரம் பெரியது. சித்தி இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அந்தப் பொடிசு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பொம்மை காட்டினாலும் வராமல், மிட்டாய் காட்டினாலும் வராமல் படாதபாடு படுத்தியது. பெற்றவளைப் பற்றி அவர் கல்யாணத்துக்கு முன்பே ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டிருந்தார். குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கிளறுவானேன் என்று சித்தியும் விட்டுவிட்டாள்.

கடைசியில் குழந்தையைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்தது ஒரு படப் புத்தகம். சித்தி தரையில் உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல், தன்பாட்டுக்கு ஒரு வாத்துக் கதையைச் சத்தமாகப் படித்தாள். பாதிக் கதையில் அவள் மடியில் ஏதோ கனத்தது. குனிந்து பார்த்தால் மிளகு. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அந்த மடி காலியாகிவிட்டால் தான் என்ன ஆவோம் என்று சித்தி நினைத்துப் பார்க்கத் துணிந்ததே இல்லை.

அத்தை, அதாவது மிளகின் அப்பாவுக்கு அக்கா, நூலகத்துக்கு எதிரில் தையல் கடை வைத்திருப்பவள். வாரா வாரம் குழந்தைகள் பகுதியிலிருந்து புதுசு புதுசாய் எடுத்துக்கொண்டு வருவாள். அடுத்த சனிக்கிழமை அவற்றைத் திருப்பி வாங்கிப் போவாள்.

புதுப் புத்தகம் எதுவும் நேரே மிளகின் கைக்குப் போகாது. அதற்கு முன் சித்தி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கொண்டையில் செருகிய பென்சிலை உருவிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்துவிடுவாள். பயமுறுத்துகிற பேய், அடிக்கிற அப்பா, கொடுமைக்காரச் சித்தி, இதெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பாள். குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது! அவள் வேலையும் அதுதான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், ஒரு கால்புள்ளி தப்பாது. அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே பூதக்கண்ணாடி.

அந்தப் பூதக்கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு. அச்சகத்தில் திருத்த வரும் தாள்களில் படம் இருக்காது. படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். கட்டத்தைக் கண்டால் தாண்டு, அடுத்த வரிக்குப் போ. வருஷக்கணக்கில் அப்படியே பழகிய கண், வீட்டுக்கு வந்தபின் மட்டும் மாறுமா? வண்ண வண்ணமாய்ப் படம் போட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அவள் எழுத்தைத்தான் பார்த்தாள். மிளகுக்கு இன்னும் எழுத்து தெரியாது. அவள் படத்தைத்தான் பார்த்தாள். ஒரே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு கதை படித்துக்கொண்டிருந்தார்கள்.

இது சித்திக்கு அன்று காலை வரை தெரியாது.

அண்மையில் வர ஆரம்பித்திருந்த நத்தைக் கதைகள்தான் இரண்டு பேருக்கும் உயிர். வீடு தேடிப் போகிற ஒரு நத்தை. ஒரு புத்தகத்தில் மலை ஏறும், இன்னொன்றில் பாலம் தாண்டும், அடுத்ததில் கடைத்தெருவுக்குள் நுழையும். சின்னச் சின்ன வாக்கியம். ஒரு பிழை கிடையாது. பென்சிலுக்கு வேலையே வைக்காத, அதை எழுதிய ஆளைச் சித்திக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பதிப்பகத்தின் பெயர் இருக்கவேண்டிய தாள் மட்டும் எதிலும் இல்லை. நூலகப் புத்தகம் என்றால் ஒரு தாள் கிழிந்திருப்பது என்ன அதிசயம்? கடைசிப் பாகம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே போய் விசாரிக்கப்போவதாகவும், மிளகின் பிறந்தநாளுக்கு மொத்தமும் வாங்கித் தரப்போவதாகவும் போன வாரம் அத்தையிடம் வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருந்தாள்.

அத்தை அதற்கு, "அதுக்கென்ன, போய்க் கேளு," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மிளகு படிப்பது வேறு கதை என்பதற்கு அடையாளம் இல்லாமல் போகவில்லை. "சித்தி, குடை அம்மா இன்னிக்குப் பாலத்தைத் தாண்டிட்டா," என்பாள். இன்னொரு நாள், குடை அம்மா நம்ம தெருவுக்கு வந்துவிட்டாள் என்பாள். நத்தைக்குக் கூட்டாளியாகக் குழந்தை எதையோ கற்பனை பண்ணிக்கொள்கிறது, நல்லதுதானே என்று சித்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தை எப்போதும் மாலையில்தான் வருவாள். அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே மணி அடித்தது.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மிளகுக்கு ஒரு கவுன் தைத்து எடுத்து வந்திருந்தாள். மஞ்சள் நிறம், முன்பக்கம் இரண்டு பெரிய சிவப்புப் பை. பிறந்தநாள் இன்னும் வரவில்லையே, இப்போது எதற்கு என்று சித்தி கேட்டதற்கு, துணி மிச்சம் இருந்தது, தைத்தேன் என்றாள். சொல்லும்போது முகம் கொடுக்கவில்லை.

"போட்டுப் பாக்கலாம் வா," என்று மிளகை அவளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து மிளகின் சிரிப்பு கேட்டது. அத்தையின் குரல் கேட்கவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று சித்தி நினைத்துக்கொண்டாள்.

அத்தை கொண்டுவந்த துணிப்பையில் நான்கு புத்தகம் இருந்தது. கடைசியாக வெளியே வந்தது நத்தை. சித்தி ஆசையாய் மேஜையில் விரித்தாள். நத்தை மலையை நினைத்துப் பார்த்தது. பாலத்தை நினைத்துப் பார்த்தது. தெருவைத் தாண்டியது. கடைசிப் பக்கத்தில் மூன்றே வரி: நத்தை வாசலுக்கு வந்தது. வாசல் திறந்திருந்தது. வீடு வந்துவிட்டது. கீழே முற்றும் என்று போட்டிருந்தது.

முடிந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரு சின்ன வருத்தம். பென்சிலைத் திரும்பக் கொண்டையில் செருகினாள்.

மஞ்சள் கவுனில் மிளகு ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கி, மளமளவென்று புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் மலர்ந்தது. அத்தையை நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கேவா?" என்றாள்.

"என்ன இன்னிக்கேவா? சும்மா இரு," என்றாள் அத்தை.

"குடை அம்மா வாசலுக்கு வந்துட்டா சித்தி."

"நத்தைடா கண்ணு. நத்தைதான் வாசலுக்கு வந்துச்சு," என்று சித்தி திருத்தினாள். தொழில் புத்தி எங்கே போகும்?

நூலகம் மத்தியானத்தோடு மூடிவிடும். நீ போய்க் கேட்டுவிட்டு நிதானமாய் வா, நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை தானாகவே சொன்னாள். கூடப்பிறந்த தம்பியின் பிள்ளையைப் போலவா, தன் பிள்ளையைப் போலவே வளர்த்தவள் அவள். சித்திக்கு யோசிக்க என்ன இருக்கிறது? புத்தகத்தை எடுத்துப் போகட்டுமா, படித்து முடித்தாயா என்று மிளகிடம் கேட்டாள்.

"எடுத்துக்கோ சித்தி. எனக்கு மனப்பாடம்," என்றாள் மிளகு.

லிஃப்ட் கீழே இறங்கும்போது சித்தி சிரித்துக்கொண்டாள். ஒரு தடவை புரட்டியதில் மனப்பாடமாம்!

நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிற பெண், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருப்பவள். புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். முத்திரை இல்லை, எண் இல்லை. இது எங்களுடையது இல்லையே என்றாள். என் நாத்தனார் எடுத்து வந்தது, தையல் கடைக்காரர், உங்களுக்குத் தெரியுமே என்றாள் சித்தி. தெரியாமல் என்ன? காலையில் அவர் எடுத்ததே மூன்று புத்தகம்தான், மூன்றையும் என் கையால்தான் கொடுத்தேன் என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"மேடம், இது அச்சடிச்ச படமே இல்ல. எழுத்து மட்டும்தான் அச்சு. படமெல்லாம் கையால வரைஞ்சிருக்காங்க. தொட்டுப் பாருங்க, வண்ணம் மேடு தட்டுது."

சித்தி தொட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் பார்க்கவும் செய்தாள்.

நத்தை ஒரு மூலையில் கடுகளவுக்கு இருந்தது. பக்கம் முழுக்க ஒரு வீடு. ஜன்னலில் பச்சைத் திரை. திரையின் ஓரம் கிழிந்து, மஞ்சள் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டவள் சித்தி. போன மழைக்காலத்தில், அத்தையின் கடையிலிருந்து வாங்கி வந்த துண்டுத் துணியில்.

அடுத்த பக்கம் புரட்டினாள். அவர்கள் கட்டடத்து லிஃப்ட். கதவில் யாரோ அலமாரி ஏற்றும்போது விழுந்த பள்ளம் உட்பட அப்படியே இருந்தது. அடுத்ததில் சாப்பாட்டு மேஜை. ஒரு பின்னல் தூக்கலும் மற்றது இறக்கமுமாக ஒரு சின்னப் பெண், தரையில் படுத்துப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டையில் ஒரு பென்சில்.

சித்தியின் கை தானாகத் தலைக்குப் போனது. பென்சில் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு முன்பு வரை, மேஜை தெரிந்த படம் ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் முதுகு. ஒன்றில்கூட நிமிரவில்லை, திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே, முதல் படத்தில் மலை உச்சியில் ஒரு நீலப் புள்ளி. அடுத்ததில் பாலத்தின் மேல் ஒரு நீலக் குடை. அப்புறம் கடைத்தெருவில் குடையும் குடைக்குக் கீழே ஒரு பெண்ணும். அப்புறம் தெருமுனையில். பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தாள். முகத்தை மட்டும் குடை மறைத்திருந்தது.

குடை அம்மா பாலத்தைத் தாண்டிட்டா சித்தி. குழந்தை வாரா வாரம் சொன்னது. காது கேட்டது, கண் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் மேஜை இருந்தது, நாற்காலி காலி. வாசல் கதவு திறந்திருந்தது. சின்னப் பெண் கட்டடத்தின் வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையை நீட்டியிருந்தாள், குடைக்காரியும் கையை நீட்டியிருந்தாள். சின்னப் பெண் போட்டிருந்தது மஞ்சள் கவுன். முன்பக்கம் இரண்டு பெரிய சிவப்புப் பை.

உட்காருங்கள், தண்ணீர் தரட்டுமா என்று நூலகப் பெண் கேட்டது எங்கோ கேட்டது. சித்தி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். அத்தைக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்ப அடித்தாலும் எடுக்கவில்லை. கணவருக்கு அடித்தாள். ஏதோ கட்டடத்து உச்சியில் இயந்திர அறைக்குள் இருந்தார் போலிருக்கிறது, பின்னால் மோட்டார் இரைந்தது.

"என்னங்க, மிளகைப் பெத்தவங்க படம் வரைவாங்களா?"

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

"உனக்கு யார் சொன்னது?"

"வரைவாங்களா, மாட்டாங்களா?"

"வரைவா." குரல் இறங்கிப்போயிருந்தது. "குழந்தை எங்கே?"

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே சொன்னாள். கவுன், குடை, திறந்த கதவு எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டினாள். நம்பமுடியாத கதையைக் கேட்கிறவர் ஏதாவது கேட்பார். இவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"வீட்டுக்குப் போ. நான் வந்துட்டே இருக்கேன்," என்றார். "அவ ஒண்ணை வரைஞ்சா, அதை நடத்திக் காட்டாம விடமாட்டா."

"விட்டுட்டுப் போனவங்க இப்ப எதுக்குங்க வரணும்?"

அவர் படி இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

"விட்டுட்டுப் போனது அவ இல்ல," என்றார். "அவ வேலைக்குப் போயிருந்தப்ப, குழந்தையைத் தூக்கிட்டு வந்தது நான்."

போன் அணைந்தது. அவர் அணைத்தாரா, இவள் விரல் பட்டதா என்று தெரியவில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அன்றைக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் மூடிக்கொண்டு கிடந்தது. தெருவில் ஒருவர் கையிலும் குடை இல்லை. சித்தி யார்மேலோ இடித்தாள், யாரோ திட்டினார்கள். அந்த மடி, அந்தக் கனம், அந்த வாத்துக் கதை எல்லாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பெற்றவளிடமிருந்து திருடி வந்த குழந்தைக்கா நான் இத்தனை நாள் கதை படித்தேன்? இன்னொரு பக்கம் மனசு வெட்கமில்லாமல் கேட்டது: திருட்டோ என்னவோ, அவளை எப்படி விடுவேன்?

கட்டடத்து முனை திரும்பினாள்.

மிளகு வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தாள், மஞ்சள் கவுனில். கைகள் இரண்டும் சிவப்புப் பைகளுக்குள் இருந்தன. அவளுக்குப் பின்னால் மாடிப்படியின் கடைசிப் படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சித்தியைப் பார்த்ததும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

"பெத்தவ வந்து கடையில நின்னு அழுதா. நானும் எத்தனை நாள்தான் தெரியாதுன்னு சொல்றது? இந்த வீடு எப்படி இருக்குன்னு சொன்னதும் நான்தான், அவ வரைஞ்ச புத்தகத்தைக் கொண்டுவந்ததும் நான்தான்." என்றாள். அவள் யாரிடம் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

சித்தி ஓடிப்போய் மண்டியிட்டு மிளகை இழுத்து அணைத்துக்கொண்டாள். தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள். குழந்தை முழுசாய் இருந்தது, சூடாய் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

எதிர்ச்சாரியில், மூடிக்கிடந்த கடை ஒன்றின் முன்னால், ஒரு நீலக் குடை விரிந்தது. அது மெதுவாக நடைபாதையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது.

மிளகு அதைப் பார்த்தாள். பிறகு சித்தியின் பிடிக்குள்ளிருந்து ஒரு கையை உருவி வெளியே எடுத்து, படத்தில் இருந்தபடியே நீட்டிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. சித்தி எத்தனையோ முறை அவளைத் திருத்திய அதே பொறுமையோடு, இப்போது அவள் சித்தியைத் திருத்தினாள்.

"நீ ஏன் சித்தி வந்தே? இந்தப் பக்கத்துல நீ இல்லையே."